பழைய 303 எந்த ஊரில் பிறந்தது, மேல்பூச்சு எந்தக் காலத்தது: படிப்படியாகக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் பழைய 303 ரைஃபிள்கள், அதாவது பிரிட்டிஷ் காலத்து லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள்கள், இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. கல்லூரி என்.சி.சி. அறையில் டிரில்லுக்கு வைத்தவை, முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்தில் சுவரில் மாட்டியவை. பணியில் இருந்த நாளில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக) வேலை பார்த்தவன் என்பதால், அவற்றைப் பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கூடவே நாலைந்து பையன்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்: "கறுப்பா இருக்கு சார், அப்ப இஷாப்பூர்தான்."

இஷாப்பூர் என்பது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரைஃபிள் ஆலை. கறுப்பை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. ஒரே ரைஃபிளில் பாடி (போல்ட் ஓடும் நடு இரும்புப் பகுதி) ஒரு நாட்டில் செய்ததாக இருக்கும், பேரல் இன்னொரு நாட்டில் மாற்றியதாக இருக்கும், கட்டை வேறு எங்கோ போட்டதாக இருக்கும், பெயின்ட் போன வருடம் அடித்ததாக இருக்கும். அதனால் பார்க்கும் வரிசைதான் இங்கே முக்கியம். எதை மாற்றுவது கடினமோ அதை முதலில் பாருங்கள். எதை மாற்றுவது சுலபமோ அதைக் கடைசியில் பாருங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடுவதற்கு முன்: யாருடைய பொறுப்பு, என்ன சட்டம்

ரைஃபிள் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். 303 நம் நாட்டில் தடை செய்யப்பட்ட குழல் விட்ட வகையில் (prohibited bore) வருவது. சாதாரண ஆயுத உரிமத்தில் அதை வைத்துக்கொள்ள முடியாது. அதே பாணி போல்ட் அமைப்பில் 315 என்று தனியாருக்காக இஷாப்பூரில் வேட்டை ரைஃபிள் செய்ததற்கு இதுதான் காரணம்.

"தாத்தா காலத்துது, அதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்பார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் பழமையான ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும்கூட சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். வெறுமனே பழசாக இருப்பது போதாது. வீட்டுப் பரணில் ஏதாவது அகப்பட்டால் முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அப்புறம் ஆராய்ச்சி.

இன்னொன்று. "கோயம்புத்தூர்ல ஒருத்தருக்கு நல்லாத் தெரியும், கொண்டுபோய்க் காட்டலாம்" என்று ரைஃபிளைச் சாக்கில் சுற்றி வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும் யோசனை யாருக்கும் வேண்டாம். படம் எடுத்து அனுப்புங்கள். நல்ல படமாக இருந்தால் முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

2. மேசையில் என்னென்ன வேண்டும்

சின்ன டார்ச் ஒன்று, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று, சின்னக் காந்தம், டிரேசிங் பேப்பர், மென்மையான பென்சில், அடி ஸ்கேல், பருத்திக் கையுறை, ஒரு நோட்டு. மேசையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள். போனில் கேமரா இருந்தால் போதும்.

காந்தம் எதற்கு என்றால், பட் பிளேட்டுக்கு, அதாவது தோளில் பதியும் பின்தகட்டுக்கு. பித்தளையில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். சாம்பல் நிறமாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை. யுத்த காலத்து நம்பர் 4-களில் (303-ன் ஒரு வகை, 5-வது படியில் வரும்) அது உண்டு. கறுப்புப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டாமலே தெரிந்துகொள்ள இது போதும்.

கையுறை பந்தாவுக்கு இல்லை. நம் வியர்வையில் உப்பு உண்டு. கர்க்கடக மழை நேரத்தில் வெறும் கையால் தொட்டு வைத்த இரும்பில் இரண்டே நாளில் விரல் ரேகை துருவாக எழும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

3. காலி என்று நீங்களே பாருங்கள்

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுங்கள். தோட்டா உட்காரும் சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு சுண்டு விரலை விட்டும் பாருங்கள். டி.பி. (டிரில்லுக்கு மட்டும்) என்று முத்திரை குத்தி வெள்ளைப் பட்டை அடித்த டிரில் ரைஃபிளாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். "நேத்துத்தான் பார்த்தேன்" என்று ஸ்டோர் சேட்டன் சொன்னாலும் செய்யுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. துடைக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் காரியம் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து துடைப்பது. அடையாளம் காணும்வரை அது கூடாது. ஏனென்றால் முத்திரைக் குழிகளுக்குள் இருக்கும் அழுக்கு, பழைய பெயின்ட் துணுக்கு, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் பதுங்கியிருக்கும் பழைய பூச்சு, இவைதான் சாட்சி. துடைத்தால் போய்விடும்.

உப்புத்தாள் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓர் இடத்தில் ஆண்டு விழாவுக்காக நாலு ரைஃபிளையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். பார்க்க எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருந்தது. ஒன்றில் மட்டும் வருடத்தின் கடைசி இலக்கம் மிஞ்சியிருந்தது.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அதுதான் கையில் வரும். நாளானால் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, பழுப்பாக ஒரு தோல் கட்டிக்கொள்ளும். பிறகு அந்தத் தோலைப் பார்த்து, "இது பழைய பிரவுனிங் பூச்சு" என்று ஒருவர் எழுதுவார். அப்படி எழுதிய பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அப்படியே படம் எடுங்கள்: வலப்பக்கம் முழுதாக, இடப்பக்கம் முழுதாக, மேலிருந்து, கீழிருந்து. அப்புறம் முத்திரை இருக்கும் ஒவ்வோர் இடமும் கிட்டத்தில்.

5. முதலில் உருவம்

முத்திரையைத் தேடும் முன் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஏனென்றால் வகைக்கு வகை முத்திரை இருக்கும் இடம் மாறும். மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலே சொல்லிவிடலாம்.

முனை மொண்ணையாக, பேரல் வெளியே தெரியாதபடி இரும்பு மூக்கு ஒன்று மூடியிருந்தால் அது எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு). 1926-க்குப் பிறகு அதையே நம்பர் 1 என்று அழைத்தார்கள். குறி பார்க்கும் பின் சைட் பேரலின் மேல், கண்ணிலிருந்து தள்ளி, முன்னால் இருக்கும். மார்க் 3 என்பது 1907-ல் வந்தது. முதல் உலகப் போர் நடுவில் சிலவற்றைக் குறைத்துச் செய்ததுதான் மார்க் 3 ஸ்டார். மேகசினுக்கு மேலே தோட்டாவைத் தடுக்கும் கட்-ஆஃப் தகடு, இடப்பக்கம் முன்கட்டையில் இருக்கும் தொலைதூர வாலி சைட், இந்த இரண்டும் ஸ்டாரில் கிடையாது.

பேரல் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பின் சைட் கண்ணுக்குக் கிட்டத்தில் பாடி மேலேயே ஓட்டை வைத்ததாக இருந்தால் நம்பர் 4. அதே மாதிரி குட்டையாக, முனையில் புனல் வைத்ததுபோல் இருந்தால் நம்பர் 5. காட்டுச் சண்டைக்கென்று 1944 முதல் 1947 வரை செய்தது.

எஸ்.எம்.எல்.இ. மாதிரியே மூக்கு, ஆனால் மேகசின் சரிவு இல்லாமல் பெட்டிபோல் சதுரமாகத் தொங்கினால் அது 7.62 மில்லிமீட்டர் இஷாப்பூர் ரைஃபிள், 2ஏ அல்லது 2ஏ1. 303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, அதனால்தான் அதன் மேகசின் சாய்வாக வளையும். 7.62-ல் அந்த விளிம்பு இல்லை. 2ஏ-யில் பழைய 2000 வரையிலான சைட்டே இருந்தது. 2ஏ1-ல் 800 மீட்டராகக் குறைத்தார்கள். இதை "303-ஐ மாற்றியது" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தவறு. 1960-களில் வலுவான எஃகில் புதிதாகச் செய்தது அது.

மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை அடைத்திருந்தால், அது 410 மஸ்கட்டாக இருக்கலாம். காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் என்று இஷாப்பூரில் எஸ்.எம்.எல்.இ.யை ஒற்றைத் தோட்டா துப்பாக்கியாக மாற்றினார்கள். பேரலுக்குள் திருகுவரி இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

6. பட் சாக்கெட்: பிறந்த ஊர் இங்கேதான்

பாடியின் பின்பகுதியில், பட் கட்டை நுழையும் இரும்புக் கழுத்துக்குப் பட் சாக்கெட் என்று பெயர். நம்பர் 1-ல் அதன் வலப்பக்கம் பாருங்கள். பாடியை மாற்றினால் அது வேறு ரைஃபிள். அதனால் இங்கே இருக்கும் முத்திரைதான் அதன் ஜாதகம்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பெயின்டுக்கு அடியில் புதைந்த எழுத்துகூட நிழல் விழுந்து எழுந்துவரும். அப்படியும் தெரியாவிட்டால் டிரேசிங் பேப்பரை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுங்கள், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதேதான்.

மேலிருந்து கீழாக வரும் வரிசை: கிரீடம், அரசர் எழுத்துகள், தொழிற்சாலை, வருடம், சுருக்கிய மாடல் பெயர், மார்க் எண்.

அரசர் எழுத்து இ.ஆர். என்றால் எட்வர்ட், 1910 மே மாதம்வரை. ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்து இருந்தால் ஜார்ஜ் அரசரும் பேரரசரும் என்று பொருள். அது இஷாப்பூர் அடையாளம். இந்த ஜி.ஆர்.ஐ.யைத் தொழிற்சாலைப் பெயர் என்று நினைத்து, "கிரி கம்பெனி" என்று ஒரு பையன் அழகாக எழுதி வைத்திருந்தான்.

தொழிற்சாலைப் பெயர் என்ஃபீல்டு என்றால் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ. கோ. என்றால் பர்மிங்காம். எல்.எஸ்.ஏ. என்றால் லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ். லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. இஷாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஓரத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் ஆர்.எஃப்.ஐ. என்று சுருக்கமாக வரும், கிரீடம் போய் சிங்க முகச் சின்னம் வரும். அந்தச் சின்னம் தேசச் சின்னமானது 1950 ஜனவரி 26-ல். அதற்கு முந்தைய வருடத்தோடு சிங்கமும் சேர்ந்து தெரிந்தால், சிங்கம் பின்னால் குத்தியது என்று எழுதுங்கள்.

நம்பர் 4-க்கு இடப்பக்கம் போங்கள். பிரிட்டனில் செய்தவற்றில் சாக்கெட்டின் இடப்பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும் வருடமும் எண்ணும் இருக்கும். எம்47சி என்றால் பி.எஸ்.ஏ.யின் ஷெர்லி ஆலை. ஆர்.ஓ.எஃப். எழுத்துகளோடு எம் வந்தால் மால்ட்பி, எஃப் வந்தால் ஃபசாக்கர்லி. கனடாவில் செய்தது என்றால் லாங் பிராஞ்ச் என்றே பாடியின் இடச்சுவரில் எழுதியிருக்கும். எண்ணின் நடுவில் எல் எழுத்து நிற்கும். அமெரிக்காவில் சாவேஜ் செய்தது என்றால் "யு.எஸ். பிராபர்டி" என்று இருக்கும், எண்ணின் நடுவில் சி நிற்கும். இதைப் பார்த்து "அமெரிக்க ராணுவ ரைஃபிள்" என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டனுக்குக் கொடுக்கச் செய்தது அது.

சின்னச் சின்ன உதிரிகளில் எம், என், எஸ் என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். யுத்த காலத்தில் மிட்லண்ட்ஸ், வடக்கு, தெற்கு என்று வட்டாரத்தைப் பிரித்து, உதிரி செய்த பட்டறைகளுக்குக் கொடுத்த குறி அது. திருகாணியில் இருக்கும் குறியை வைத்து ரைஃபிளுக்கே ஊர் சொல்வது, சட்டைப் பொத்தானைப் பார்த்துத் தையல்காரர் பெயரைச் சொல்வது மாதிரி.

7. எண்கள் ஒத்துப்போகின்றனவா

நம்பர் 1-ல் ஒரே எண் ஆறு இடத்தில் இருக்கலாம்: பாடியின் முன்வளையம் வலப்பக்கம், அதற்கு நேராகப் பேரலில், போல்ட் கைப்பிடியின் பின்புறம், மூக்கு இரும்பு, பின் சைட் இலையின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடியில். ஆறையும் தனித்தனியே எழுதுங்கள். "பொருந்துகிறது" என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள்.

போல்ட் எண் மாறியிருந்தால் அது முக்கியம். ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தப் பாடிக்கு இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். நாலு ரைஃபிளையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டுத் துடைக்கும்போது போல்ட்கள் இடம் மாறிவிடும். என்.சி.சி. அறைகளில் இது சகஜம். எதிர் ரைஃபிளில் எண்ணைத் தேடினாலே கிடைத்துவிடும்.

பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண் குத்தியிருந்தால் அது முறையான பழுதுவேலை. பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டு, வேறு அளவு எழுத்தில் புதிதாகக் குத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். ராவிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். ஸ்கேல் விளிம்பை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவும்.

8. பிறந்த பிறகு பட்ட முத்திரைகள்

இவை பிறப்புச் சான்றிதழ் இல்லை, பயணச் சீட்டுகள். தனிப் பத்தியில் எழுதுங்கள்.

அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசு உடைமை. அம்புக்குக் கீழே ஐ எழுத்து இருந்தால் இந்திய அரசு உடைமை. சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. டி, அம்பு, டி என்றால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் ராணுவத்திலிருந்து விற்றுவிட்டார்கள் என்று பொருள்.

எஃப்.டி.ஆர். என்றால் ஆலையில் முழுக்கப் பிரித்துப் பழுது பார்த்தது. பக்கத்தில் வருடமும் இருக்கும். அந்த வருடத்தைச் செய்த வருடமாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில நம்பர் 4-களில் மார்க் 1, சாய்கோடு, 2 என்று மின்பென்சிலால் கிறுக்கினது மாதிரி எழுதியிருக்கும். யாரோ ஆணியால் கீறியது என்று நினைப்பீர்கள். இல்லை. டிரிக்கரை மார்க் 2 முறைக்கு மாற்றியதற்கு ஆலையிலேயே போட்ட குறி.

டி.பி. என்றால் டிரில்லுக்கு மட்டும். இ.ஒய். என்றால் சாதாரண உபயோகத்துக்கு லாயக்கில்லை, அவசரத்துக்கு மட்டும். முன்கட்டையைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்திருந்தால், கையெறி குண்டைக் கிண்ணத்தில் வைத்து ஏவுவதற்காக வலுவாக்கியது. "கட்டை உடைஞ்சதுக்குக் கட்டு போட்டிருக்காங்க" என்று அதைப் பிரிக்கப் போன ஒருவரைக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

9. கட்டை

கட்டையை மாற்றுவது இரும்பை மாற்றுவதைவிடச் சுலபம். அதனால் இங்கிருந்து கிடைப்பதைத் துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ரேகை ஓடும் அடர்பழுப்பு என்றால் வால்நட். வெளிறிய, நுண்ரேகை மரம் என்றால் யுத்த காலத்து பீச் அல்லது பிர்ச். லித்கோவில் கோச்வுட், குயின்ஸ்லாந்து மேப்பிள் போன்ற உள்ளூர் மரங்களைப் போட்டார்கள். பட் கட்டையில் ஸ்லாஸ் என்று சுருக்கெழுத்து இருந்தால் விளையாட்டுச் சாமான் செய்யும் ஸ்லாசெஞ்சர் கம்பெனி செய்து கொடுத்தது.

முன்கட்டையின் குறுக்கே, மேகசினுக்குச் சற்று முன்னால், ஒரு திருகு ஊடுருவிப் போனால் அதற்கு இஷாப்பூர் திருகு என்றே பெயர். கட்டை பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்ட வலுவூட்டல். என்னைக் கவிழ்த்தது இந்தத் திருகுதான். ஒரு சங்கக் கட்டடத்தில் இருந்த ரைஃபிளில் இந்தத் திருகையும் கறுப்புப் பெயின்டையும் பார்த்து, சாக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல், "இஷாப்பூர், 1940-கள்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கப் போனபோது, ஜன்னல் வழியே சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தது. பெயின்டுக்கு அடியிலிருந்து கிரீடம் ஒன்று எழும்பியது. கீழே பி.எஸ்.ஏ. கோ., அதற்கும் கீழே 1917. பர்மிங்காமில் செய்து, இங்கே வந்து, இங்கே பழுது பார்த்த ரைஃபிள். திருகு சொன்னது அது எங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டது என்பதை. நான் அதைப் பிறந்த ஊராக எழுதிவிட்டேன்.

உள்ளே பார்க்க ஆசைப்பட்டுக் கழற்ற நினைத்தால் ஓர் எச்சரிக்கை. நம்பர் 1-ல் பட் கட்டைக்குள் இருக்கும் நீள போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்பக்கத் தகட்டுக்குள் போய் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பட் கட்டையை மட்டும் திருகினால் அந்தச் சதுரம் சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டை முதலில், பட் பிறகு. பட்டியல் எடுக்க எதையும் கழற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. பழுதாகிப்போன கட்டைக்கு மாற்று எங்கே தேடுவது?

10. பூச்சு: கடைசியில், நிதானமாக

பூச்சைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் சொல்லிவிட்டேன். ஆனால் நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். இடம் மாற்றி இடம் பாருங்கள், ஒரே இடத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கை படாத இடங்கள் நல்ல சாட்சி: பின் சைட் இலையைத் தூக்கினால் அதன் அடி, மேகசின் கழற்றிய பிறகு பாடியின் உட்பக்கம், பட் பிளேட்டின் விளிம்பு.

நாலு வகைதான் முக்கியமாக வரும்.

முதலாவது, பழைய ப்ளூயிங், பிரவுனிங் வகை. இரும்பையே கட்டுப்பாடாகத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கறுப்பாக மாற்றுவது. மேலே ஒரு படலமாக ஒட்டியிருக்காது, இரும்போடு ஒன்றியிருக்கும். அடியில் மெருகேற்றிய இரும்பு. முதல் உலகப் போருக்கு முந்தைய ரைஃபிளில் ஆழமான கருநீலம் தெரியும். தேயும்போது உரியாது, விளிம்புகளில் வெள்ளி நிறம் தட்டி, மற்ற இடங்களில் பழுப்பாக மங்கும்.

இரண்டாவது, யுத்த காலத்து அவசரக் கறுப்பு. 1942, 1943 நம்பர் 4-களில் கடைசல் கருவி ஓடிய கோடுகள் அப்படியே தெரியும். மெருகேற்ற நேரமில்லை. இதைப் பார்த்து "யாரோ ராவியிருக்கிறார்கள்" என்று நினைக்காதீர்கள். கருவிக் கோடு ஒரே சீராக, ஒரே இடைவெளியில் ஓடும். அரத்தால் ராவினது அங்கும் இங்குமாக இழுபடும்.

மூன்றாவது, பாஸ்பேட் பூச்சு, பார்க்கரைசிங் என்பார்கள். பாஸ்பாரிக் அமிலக் கரைசலைச் சூடாக்கி அதில் முக்கி எடுப்பது. சாம்பல், கருஞ்சாம்பல், சிலசமயம் லேசான பச்சை. பளபளப்பு இருக்காது. நகத்தை வைத்து இழுத்தால் சிலேட்டில் இழுத்த மாதிரி சொரசொரக்கும். சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் ஊசிமுனை அளவு எண்ணெய் வையுங்கள். பாஸ்பேட்டில் அது உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுக்கும். ப்ளூயிங்கில் முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும்.

நாலாவது, பெயின்ட். இங்கேதான் எல்லா வம்பும். ஆலையிலேயே பாஸ்பேட்டுக்கு மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த ரைஃபிள்கள் உண்டு. பிரிட்டனில் யுத்தத்துக்குப் பிறகு சன்கோரைட் என்ற பெயின்டை அடித்துச் சூட்டில் உலர்த்தினார்கள். இஷாப்பூர் ரைஃபிள்களிலும் கறுப்புப் பெயின்ட் உண்டு. அதே சமயம், ஹார்டுவேர் கடையில் டப்பா வாங்கி, குடியரசு தினத்துக்கு முந்தின நாள் அடித்ததும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஆலையில் ஒவ்வோர் உதிரியையும் தனித்தனியே பூசிவிட்டுத்தான் கோர்ப்பார்கள். ஆகவே இரண்டு உதிரிகள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஸ்லிங் (தோள்வார்) வளையம் அதன் பட்டையில் மாட்டியிருக்கும் இடுக்கில் பெயின்ட் பாலம் போட்டு இரண்டையும் ஒட்டியிருந்தால், கோர்த்த பிறகு அடித்தது. திருகுத் தலையின் வெட்டுக்குள் பெயின்ட் நிரம்பி, திருப்புளி படாமல் இருந்தாலும் அப்படித்தான். கட்டை விளிம்பில் கறுப்பு ஈஷியிருந்தாலும், கீழ்ப்பக்கம் சொட்டு வழிந்து காய்ந்திருந்தாலும், தூரிகை மயிர் ஒன்று உள்ளே சிக்கியிருந்தாலும் கடைப் பெயின்ட்தான். முத்திரை எழுத்துகள் பாதி மூழ்கிப்போயிருக்கும்.

ஆலைப் பெயின்ட் மெல்லியது. முத்திரையின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அடிபட்ட இடத்தில் செதிளாகப் பெயர்ந்து, அடியில் சாம்பல் பாஸ்பேட் தலைகாட்டும். கடைப் பெயின்ட் பெயர்ந்தால் அடியில் துருவோ பழைய ப்ளூயிங்கோ இருக்கும்.

தின்னரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கடை எனாமல் இளகும், சூட்டில் உலர்த்தியது அவ்வளவாக இளகாது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் கரைப்பது புத்திசாலித்தனமில்லை, கட்டையில் பட்டால் அந்த மெருகும் போகும். மேலே சொன்ன இடுக்குகளைப் பார்த்தாலே பத்தில் ஒன்பது தீர்ந்துவிடும்.

மறுபடி ப்ளூயிங் செய்ததைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: துரு முதலில் வந்ததா, பூச்சு முதலில் வந்ததா? துருவால் விழுந்த குழிகளின் உள்ளேயும் பளபளவென்று கருநீலம் இருந்தால் குழி முதலில், பூச்சு பிறகு. அப்படியானால் அது பழைய பூச்சு இல்லை. திருகு ஓட்டைகளின் வாய் தட்டு மாதிரி அகன்று, முத்திரை விளிம்புகள் உருண்டிருந்தால், பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள்.

11. பதிவேட்டில் எப்படி எழுதுவது

பார்த்தது ஒரு பத்தி, அதிலிருந்து நினைப்பது ஒரு பத்தி. இரண்டையும் கலக்காதீர்கள். நாளைக்கு உங்கள் நினைப்பு தவறு என்று தெரிந்தாலும், பார்த்தது அப்படியே நிற்கும். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். "1917" என்று எழுதுவதும் "191." என்று எழுதுவதும் ஒன்றில்லை.

நான் திருத்தி எழுதிய அந்த ரைஃபிளின் பதிவு இது:

பார்த்தது: மொண்ணை மூக்கு, பேரல் மேல் சைட், சாய்வு மேகசின். சாக்கெட் வலம்: கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ., 1917, மார்க் 3 ஸ்டார். அம்புக்குக் கீழ் ஐ உண்டு. பாடி எண்ணும் பேரல் எண்ணும் ஒன்று. போல்ட் எண் வேறு, பழையது கோடு போட்டு அடித்தது. முன்கட்டையில் குறுக்குத் திருகு. பட் பிளேட்டில் காந்தம் ஒட்டவில்லை, விளிம்பில் மஞ்சள். கறுப்புப் பெயின்ட், ஸ்லிங் வளைய இடுக்கில் பாலம், திருகு வெட்டுகள் நிரம்பியுள்ளன. சைட் இலைக்கு அடியில் கருநீலம், பழுப்பாக மங்கியது.

நினைப்பது: 1917-ல் பர்மிங்காமில் செய்தது. இந்திய அரசு உடைமையாக இருந்திருக்கிறது. இந்தியாவில் கட்டை வேலை நடந்திருக்கிறது. போல்ட் முறையாக மாற்றியது. பழைய ப்ளூயிங் அடியில் மிச்சமிருக்கிறது. மேலே உள்ள பெயின்ட் கோர்த்த பிறகு அடித்தது, ஆலை வேலை இல்லை.

எழுதி முடித்த பிறகு கையுறையைக் கழற்றாமல், லேசான துப்பாக்கி எண்ணெயைத் துணியில் ஒற்றி, நீங்கள் தொட்ட இரும்பை மட்டும் ஒரு தடவை தடவி வையுங்கள். சுவரில் திரும்ப மாட்டும்போது சுவரோடு ஒட்ட விடாதீர்கள், இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மழைக் காலத்தில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்துக் கொடுக்கும். பதிவேட்டில் சேட்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், எந்தப் போல்ட் எந்த ரைஃபிளில் திரும்பப் போட்டோம் என்பதையும் அதில் சேர்த்து.